சுழி போடாத கார்டுகள்

ரவி, நீயும் உமாவும் ரயிலேறிப் போய் ஒன்பது நாளாகிறது. பந்தல் பிரித்தாகிவிட்டது. சம்பந்தி வீட்டு அதிரசம் இன்னும் ஒரு டப்பா இருக்கிறது. வாசலில் யார் தலையைக் காட்டினாலும் கையில் திணித்து அனுப்புகிறேன். முழங்கால் வலிக்கிறது, கல்யாண அலைச்சல். இதையெல்லாம் சொல்லத்தான் கடிதம் என்று நினைத்துக்கொண்டு நீ வேகமாகப் படித்துத் தள்ளிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். நிதானமாகப் படி. உமாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். இந்த வீட்டுக்கு வந்தவள், மாமியார் எப்படிப்பட்டவள் என்று அவளுக்கும் சரியாகத் தெரியட்டும்.

கல்யாணத்தன்று மத்தியானப் பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, உன் மாமனாரிடம் நீ பஸ் ஷெட் கதையைச் சொன்னாய். பிள்ளையார் சுழி கதை. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "இப்படி ஒரு அம்மா கெடைக்கணுமே மாப்ளே" என்று அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அசடு மாதிரி நின்றேன். கதையில் நீ ஒரு இடத்தில், "தப்புனு தெரிஞ்ச உடனே அம்மா வந்து சொல்லிட்டாங்க" என்றாய். அந்த 'உடனே' நிஜமில்லை. ஒன்பது வருஷமாக நீ அதை நம்பிக்கொண்டிருக்கிறாய், நானும் நம்பவிட்டுக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் வாயைத் திறக்க முடியவில்லை. ஸ்டேஷனில் சொல்லலாமென்றால் உமா அழுதுகொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டபிறகு அம்மாவைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி, தெரிந்து நினை.

உமாவுக்காக முதலிலிருந்து வருகிறேன். உங்கப்பா அந்த பஸ் கம்பெனியில் வேலூர் வண்டி டிரைவர். நீ எட்டாவது படிக்கும்போது மஞ்சள்காமாலையில் போய்விட்டார். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்ததால் முதலாளி ஷெட்டில் ஸ்டோர் பார்க்கிற வேலையைக் கொடுத்தார். முப்பது வண்டிக்கு வேண்டிய உதிரி சாமான் எல்லாம் என் ரூமில். கம்பி போட்ட ஜன்னல் ஒன்று, அதற்கு அந்தப் பக்கம் கிரீஸ் கையோடு மெக்கானிக்குகள். பழைய சாமானைக் கொடுத்தால்தான் புது சாமான், அதுதான் சட்டம். ஆளுக்கு ஆள், "பொம்பள இன்னா ஸ்டோர் பாக்கப்போவுது" என்று பேசினார்கள். ஒரு மாதத்தில் எந்த நட்டு எந்த டப்பாவில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். அப்புறம் யாரும் பேசவில்லை. மாட்டுகிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கார்டு. எந்த வண்டி, எப்போது மாட்டியது, எப்போது கழற்றியது. கடைசியில் இரண்டு கட்டம்: 'கெடுவில் மாற்றியது', 'பழுதாகி மாற்றியது'. முதலாவது என்றால் சாமான் நன்றாகத்தான் இருந்தது, குறித்த நாள் வந்ததால் கழற்றினோம். இரண்டாவது என்றால் ஓடும்போதே போய்விட்டது. எதையாவது ஒன்றை டிக் அடிக்க வேண்டும்.

இரண்டாவது கட்டத்தில் டிக் விழுந்தால் அந்த வண்டியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குக்கு மானேஜர் மெமோ கொடுப்பார். மூன்று மெமோ சேர்ந்தால் வேலை இல்லை. ஒருநாள் ஒரு பையில் கிழிந்த பிரேக் ஹோஸ் வந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய் அது. மாட்டி நாலு மாசம்கூட ஆகவில்லை. அந்த மெக்கானிக்குக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ, வீட்டில் பெண்டாட்டி நிறைமாசம். கன்னியப்ப மேஸ்திரி ஜன்னலில் முகத்தை வைத்து, "அக்கா, ரப்பர் கெட்டுப் போனா அவன் இன்னா பண்ணுவான்? கெடுவுல மாத்தினதுனு போட்டுடுங்க" என்றார். போட்டேன். தர்மம் செய்த மாதிரி அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அப்புறம் இன்னொருத்தனுக்கு, அப்புறம் இன்னொருத்தனுக்கு. ஒரு வருஷத்தில் யாரும் கேட்காமலே நானாகவே முதல் கட்டத்தில் டிக் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். கிழிந்த ஹோஸ் எத்தனை என் கையில் வந்து விழுந்தது என்று எனக்குத்தான் தெரியும். அதெல்லாம் ஷெட்டுக்குள்ளேயோ சமதளத்திலேயோ கிழிந்ததால் ஆளுக்குச் சேதமில்லை. அதனால் எனக்கும் பயம் வரவில்லை.

நீ மெட்ராஸில் புள்ளியியல் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் வந்தபோது, தேய்ந்துபோகிற சாமானை எப்போது மாற்றினால் நல்லது என்று பரீட்சைக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று வந்து நின்றாய். "அதுக்கு இன்னாடா கணக்கு, போனா மாத்தறது" என்றேன். நீ பம்பு ஸ்டவ்வைக் காட்டி, "வாஷரை எப்பம்மா மாத்தற?" என்று கேட்டாய். "போனப்புறம்தான்." "விருந்தாளி வந்து உக்காந்திருக்கும்போது போனா?" எனக்குச் சுருக்கென்றது, உங்க பெரியம்மா வந்தபோது அப்படித்தான் ஆயிற்று. சீக்கிரம் சீக்கிரம் மாற்றினால் நல்ல வாஷர் வீண். நாளைத் தள்ளினால் நடுச் சமையலில் மானம் போகும். இரண்டு நஷ்டத்தையும் கூட்டி ஒரு கோடு போட்டாய். அது தூளி மாதிரி இறங்கி ஏறியது. அடியில் எங்கே படுக்கிறதோ அதுதான் மாற்றுகிற நாள் என்றாய். அதற்கு ஒவ்வொரு சாமானும் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று தெரிய வேண்டும். நல்ல நிலையில் கழற்றினது, 'குறைந்தது இத்தனை நாள் தாங்கும்' என்பதை மட்டும் சொல்லும். ஓட்டத்தில் போனதுதான் ஆயுசைச் சொல்லும். "ரெண்டும் கலந்துட்டா கணக்கே நாசம்மா" என்றாய். நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு எனக்கு அன்றைக்கு நன்றாகவே காதில் விழுந்தது.

என் கார்டுக் கட்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். தீபாவளிக்கு முன்னால் அட்டவணையோடு வந்தாய். ஒரு புதன்கிழமை முதலாளி அதை டைப் அடித்து ஷெட் சுவரில் ஒட்டவைத்தார். பிரேக் ஹோஸை அதுவரைக்கும் எட்டு மாசத்துக்கு ஒருதரம் மாற்றிக்கொண்டிருந்தோம். இனிமேல் பதினாலு மாசம் ஓட்டலாம் என்று இருந்தது. ஓடாதா பின்னே? என் கார்டுகளின்படி ஒரு ஹோஸ்கூட எங்கேயும் கிழியவே இல்லையே. முதலாளிக்கு வாயெல்லாம் பல். நடுவில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது உனக்குத் தெரிந்த அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு வருகிறேன்.

நீ சாப்பிட்டுக்கொண்டே, "நாளைக்கு மலை வண்டியில போய்ட்டு வரேன்மா. எறக்கத்துல எத்தினி தடவை பிரேக் அடிக்கிறாங்கனு எண்ணணும்" என்றாய். போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குப் போகிற வண்டி. அதில் இருந்த ஹோஸுக்கு எட்டு மாசக் கெடு முடிந்து, அட்டவணைப்படி மாற்றாமல் விட்டிருந்தார்கள். நான் உன் முன்னால் உட்கார்ந்தேன். "இன்னைக்குத்தான் அந்த பேப்பரை ஒழுங்கா பாத்தேன் ரவி, ஹோஸ் கணக்கு தப்பு" என்று ஆரம்பித்து, கார்டில் நான் செய்துவந்ததைச் சொன்னேன். நீ கத்துவாய் என்று நினைத்தேன். எச்சில் கையோடு தட்டைத் தள்ளிவைத்தாய். "ஒண்ணுகூட போகலயேன்னு எனக்கே டவுட்டா இருந்துச்சும்மா. நாலு தடவை திருப்பிப் போட்டேன். என் கணக்குலதான் தப்பு இருக்கும்னு நெனச்சேன். நீ எழுதினதுல இருக்கும்னு தோணவே இல்ல" என்றாய். நீ அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்புறம்தான் நீ, எல்லா கார்டும் வீண், பரீட்சையும் போச்சு என்று தலையில் கைவைத்தாய். எது நிஜம் எது பொய் என்று யாருக்குத் தெரியும் என்றாய். எனக்குத் தெரியும் என்றேன். ஒவ்வொரு கார்டையும் கணக்கு முடிக்கும்போது மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் மூலையில் என் கையெழுத்தைப் போடுவேன், அது பழக்கம். பொய் டிக் அடித்த கார்டுக்கு மட்டும் சுழி போடக் கை வரவில்லை. பிள்ளையாரைப் பொய்ச்சாட்சிக்கு எப்படிக் கூப்பிடுவது? யாரும் கவனிக்கவில்லை. மானேஜருக்கு டிக்தான் முக்கியம். நீ ஓடிப்போய்க் கார்டு வைத்திருந்த பெட்டியைக் கவிழ்த்தாய். சுழி போட்டது ஒரு பக்கம், போடாதது ஒரு பக்கம் என்று இரண்டு பேரும் தரையில் பிரித்தோம். போடாத பக்கம் உயர உயர எனக்குக் கூச்சமாக இருந்தது. உனக்கோ முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. "அம்மா, நீ பொய் சொன்னாலும் ஒழுங்கா சொல்லியிருக்கம்மா" என்று சிரித்தாயே, அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

காலையில் முதல் வேலையாகக் கன்னியப்ப மேஸ்திரியைப் பிடித்தோம். அவர் உடனே மலை வண்டிக்கு அடியில் படுத்து, ஹோஸைக் கழற்றி என் ஜன்னலில் வைத்தார். நடுவில் ஒரு இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு உப்பியிருந்தது. "இன்னும் எத்தினி நாள் வந்திருக்கும்னு எனக்கு சொல்லத் தெரியல அக்கா" என்றார். பிறகு மூன்று பேரும் முதலாளியிடம் போனோம். அவர் கோபம் உனக்கு ஞாபகமிருக்கும். "உங்கம்மாவை வேலைய விட்டுத் தூக்கட்டுமா, இல்ல உன் கணக்கைக் குப்பையில போடட்டுமா, நீயே சொல்லு" என்றார். நீ, "மெமோவைத் தூக்குங்க சார். பழுதுனு எழுதினா தண்டனைனு இருக்கிறவரைக்கும் யார் ஸ்டோர்ல உக்காந்தாலும் இதேதான் எழுதுவாங்க" என்றாய். இருபத்திரண்டு வயசு, மீசைகூட ஒழுங்காக வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். ஒரு வருஷம் மெமோ இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். வெளியே வந்ததும் மேஸ்திரி உனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "தம்பி, இன்னிமே நானும் நிம்மதியா தூங்குவேன்" என்றார்.

புதுக் கணக்கில் ஹோஸ் ஆறு மாசம், மலை வண்டிக்கு நாலு மாசம் என்று வந்தது. இன்னொன்றும் வந்தது. கார்த்திகை தீபத்துக்கு ஸ்பெஷல் வண்டி விடுவதற்கு முன்னால், பூஜை மாதிரி எல்லா கியர்பாக்ஸையும் பிரித்து மாட்டுவது மேஸ்திரியின் வழக்கம். சுழி போடாத கார்டுகளைப் பார்த்தால், பிரித்து மாட்டின அடுத்த பத்து நாளுக்குள்தான் அவை ஜாஸ்தி கெட்டிருந்தன. கைபடாமல் ஓடின மற்ற மாசங்களில் கெட்டது கம்மி. வயசாக வயசாகக் கெடுகிற சாமானைத்தான் நாள் பார்த்து மாற்ற வேண்டும், நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத் தோண்டக்கூடாது என்றாய். மேஸ்திரி இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, இந்த வருசம் தொடல. ஏதாவது நின்னா உன்னத்தான் தள்ளச் சொல்வேன்" என்றார். அந்தத் தீபத்துக்கு ஊரே கொள்ளாத ஜனம். அவலூர்பேட்டை பக்கம் ஒரே ஒரு வண்டிக்கு ஃபேன் பெல்ட் அறுந்தது. மேஸ்திரி தானே ஜன்னலுக்கு வந்து, "அக்கா, பழுதாகி மாத்தினது. நல்லா பெருசா டிக் அடிங்க" என்றார். நானும் பெரிதாகவே அடித்தேன். மறுநாள் கடைசி வண்டியும் உள்ளே வந்தபிறகு, மலையுச்சியில் எரிகிற ஜோதியைப் பார்த்து ஷெட் வாசலில் நின்று கும்பிட்டேன். எல்லா வண்டியும் வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று எத்தனையோ வருஷம் கழித்து நிஜமாகவே தெரிந்து கும்பிட்டேன்.

இதுவரைக்கும் நீ மண்டபத்தில் சொன்னதுதான். சொல்லாதது இது. புதன்கிழமை சுவரில் அட்டவணையை ஒட்டினார்களே, பசை காயுமுன்பே நான் அதைப் படித்துவிட்டேன். ஹோஸுக்கு நேராகப் பதினாலு என்று பார்த்ததுமே அது தப்பு என்று தெரிந்துவிட்டது. எதனால் அந்த எண் வந்தது என்று அந்த ஷெட்டில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மேஸ்திரி சொல்லுவாரா என்று நான் பார்த்தேன், நான் சொல்லுவேனா என்று அவர் பார்த்தார். சொன்னால் என் வேலை போகும், உன் படிப்புக்குப் பணம் ஏது? உன் பேர் வேறு கெடும். நாளைக்குச் சொல்லலாம், தீபம் கழியட்டும், முதலாளி நல்ல மூடில் இருக்கட்டும் என்று நாளைத் தள்ளினேன். இப்படிப் பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளும் மலை வண்டி போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தது.

மலையிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் சாமை கொண்டுவருவாளே சின்னப்பாப்பா, உனக்குத் தெரியும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அப்போது ஒரு வயசு இருக்கும். என் ஜன்னலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சந்தைக்குப் போவாள். அந்தப் பதினாறு நாளில் இரண்டு செவ்வாய் வந்தது. இரண்டாவது தடவை, "மல வண்டி எப்பக்கா எடுப்பாங்க?" என்று கேட்டாள். "நாலு மணிக்கு" என்றேன். குழந்தை கையில் ஒரு பன்னு கொடுத்தேன். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததை ஸ்டோரிலிருந்தே பார்த்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை ரவி. அந்த வாரம் வெள்ளிக்கிழமை நீ அதே வண்டியில் போகப்போகிறேன் என்றபோது எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. வேலை போகட்டும், படிப்பு நிற்கட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் பிள்ளை ஏறுகிற வண்டி என்றதும்தான் அது எனக்கு ஆபத்தான வண்டியாகத் தெரிந்தது. இன்றைக்குத்தான் பேப்பரைப் பார்த்தேன் என்று வேறு உன்னிடம் சொன்னேன். கார்டில் அடித்த டிக்குகளைவிடப் பெரிய பொய் அதுதான்.

இப்போது நீ போயிருக்கிற ஆலையில் பெரிய பெரிய மிஷினுக்கெல்லாம் நாள் குறிக்கிற வேலை என்றாய். எங்கேயோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால் என்னை மாதிரி ஒருத்தி எழுதுகிறதுதான் உன் மேஜைக்கு வரும். கணக்கு ரொம்ப அழகாக வந்தால், எழுந்துபோய் அவளோடு ஒரு டீ குடி. தப்பைச் சொன்னால் தலை போகாது என்று அவளுக்குத் தெரியும்படி நடந்துகொள். வீட்டிலும் அப்படியே இரு. உமா பயந்துகொண்டு உன்னிடம் எதையும் மறைக்கிறாற்போல் வைத்துக்கொள்ளாதே. அப்புறம், நீ குறிக்கிற நாளுக்கும் சாமான் நிஜமாகப் போகிற நாளுக்கும் நடுவில் அந்த மிஷின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள். உன் சொந்தக்காரன் யாராவது நிற்கப்போகும் வரைக்கும் என்னைப்போல் காத்திருக்காதே.

உனக்கு எழுதுமுன் ஒரு வேலை பாக்கியிருந்தது. நேற்று செவ்வாய்க்கிழமை. சின்னப்பாப்பா வந்தாள், கூட அந்தப் பெண்ணும். பத்து வயசாகிறது, நெடுநெடு என்று வளர்ந்துவிட்டாள், உமா விட்டுப்போன ரிப்பனைக் கொடுத்தேன். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சின்னப்பாப்பா கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அப்போ உம் புள்ள ஏறலன்னா நீ சொல்லியிருக்கமாட்ட" என்றாள். சொல்லியிருக்கமாட்டேன் என்றேன். தன் பெண்ணை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். பிறகு படியை எடுத்து எனக்கு வேண்டிய சாமையை அளந்து போட்டாள். எப்போதும் கொசுறாக ஒரு பிடி சேர்த்துப் போடுவாள். நேற்று போடவில்லை. அவளிடம் சொன்னதிலும், உனக்கு எழுதியதிலும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஆனாலும் அது அவளாகப் போட வேண்டிய பிடி, நான் கேட்கவில்லை. நாலு மணி வண்டி வரைக்கும் கூடப் போனேன். அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையசைத்தாள்.

அம்மா